முதலாளி வீட்டு ரயிலுக்கு நான் செய்த ஊர்

விளையாட்டு ரயிலுக்கு மலையும் மரமும் செய்யும் தொழிலில் கை சீக்கிரம் பழகிவிடும்; வாய்தான் மூடப் பழகாது. அடுத்தவர் ஆசைக்குக் கைவேலை செய்து பிழைக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கரிசல் வேண்டாம்

யுத்தத்துக்கு முன்பே அருப்புக்கோட்டைப் பஞ்சு ஆலை முதலாளி ஒருவர், சாவி கொடுத்தால் ஓடும் ரயில் ஒன்றைச் சீமையிலிருந்து தருவித்து வைத்திருந்தார். யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போது, நாடகங்களுக்குத் திரைச்சீலையில் காட்சி எழுதிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, அது ஓட ஓர் ஊர் செய்யச் சொன்னார். மாடி அறையில் பலகை அடித்து, திருச்சுழிப் பக்கம் கண்ணால் கண்டதையெல்லாம் செய்தேன். வெடித்த கரிசல், உடைமரம், வற்றிய கண்மாய். கண்மாய்க்குள் மாட்டுக் குளம்படிகூட ஈர்க்குச்சி நுனியால் பதித்தேன். முதலாளி குனிந்து பார்த்தார்.

“இந்தக் காட்டைப் பாக்கணும்னா சன்னலைத் தொறந்தாப் போதாதா? எல்லாத்தையும் பச்சையாக்கு.”

மலைக்குப் போன மாவு

பச்சை மலைக்குக் காகிதக் கூழும் மாவுப் பசையும் வேண்டும். கம்பும் சோளமும்கூடக் கிடைக்காமல் ஜனங்கள் அலைந்த நேரம் அது. முதலாளி வீட்டிலிருந்து மூட்டையாக மாவு மாடிக்கு வந்தது. எலி கடிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் கலந்து காய்ச்சினேன். வீடு கூட்டும் மாரியம்மாள் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். மிச்சத்தை மகளுக்குக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டாள். விஷம் கலந்திருக்கிறது என்றேன். அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள்.

“கலக்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லண்ணே.”

ஸ்டேஷனில் நின்ற ஆள்

மாரியம்மாளின் புருஷன் ரங்கூனுக்குப் பிழைக்கப் போனவன். அங்கே குண்டு விழுந்த பிறகு தகவலில்லை. தப்பி நடந்து வந்தவர்கள் ஒவ்வொருவராக ஊர் சேர்ந்தார்கள், அவன் வரவில்லை. ஸ்டேஷனுக்கு நான் களிமண் ஆட்கள் செய்வதைப் பார்த்தவள், அவனையும் செய்ய முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவள் சொன்ன அடையாளப்படியே, இடது தோளில் மூட்டையும் சற்றே சாய்ந்த நடையுமாகச் செய்து, பிளாட்பாரத்தில் நிறுத்தினேன். அதன்பின் அந்த அறையைக் கூட்டி முடிக்க அவளுக்கு வெகுநேரமாயிற்று.

ரயிலைப் பார்க்க வெள்ளைக்காரத் துரை ஒருவர் வரப்போகிறார் என்று முதலாளி எல்லாவற்றையும் சரிபார்க்க வந்தார். “அழுக்குப் பய எதுக்கு நடுவுல நிக்கான்?” என்று பொம்மையைப் பிடுங்கிக் குப்பைக் கூடையில் போட்டார். கூடையை எடுக்க வந்த மாரியம்மாள் அதைத் துடைத்து முந்தியில் முடிந்துகொண்டாள்.

“இங்கயும் அவுகள எறங்க விடலையா?”

துரை வந்தார்

துரை வந்து பச்சை மலையையும் ஓடையையும் பார்த்தார். தன் சொந்த ஊரைப் போலவே இருக்கிறது என்றாராம். அவர் போனதும் முதலாளி என் தோளைத் தட்டினார்.

“நல்ல வேலை செஞ்சுட்டப்பா. நம்ம ஊர்ல இருக்கோம்கிற நெனப்பே தொரைக்கு வரலை.”

உள்ளதை உள்ளபடி செய்யத் தெரிந்தவனுக்கு, இல்லாததைச் செய்யச் சொல்லித்தான் வேலை கிடைக்கும் என்பதை இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர்கள் தெரிந்துகொண்டு வரட்டும்.