அக்காவின் கப்பல் காசு

என் அக்காவின் கப்பல் காசை நான் தின்றுவிட்டேன். அவள் பெயரில் இருந்ததை, அவள் கேட்ட ஒன்றே ஒன்றுக்காக வைத்திருக்க வேண்டியதை, எனக்கென்று செலவு செய்து தீர்த்தேன். அதைவிடப் பெரிய தவறு மறுநாள் காலையில் நடந்தது. அதையும் சொல்கிறேன்... கொஞ்சம் பொறுங்கள்.

கப்பல் காசு என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். சுற்றுலாக் கப்பலில் சில பயணிகளுக்குச் சீட்டோடு சேர்த்து ஒரு தொகையை அவர்கள் பெயரில் வரவு வைப்பார்கள். ஆன்போர்டு கிரெடிட் என்பார்கள். கையில் தரமாட்டார்கள். கப்பலுக்குள்தான் செலவு செய்ய வேண்டும். மீந்தால் திரும்பி வராது. கரை சேர்ந்ததும் கனவில் கண்ட காசு போல இல்லாமல் போய்விடும்.

வேலூரில் ஒரு சுற்றுலா அலுவலகத்தில் வேலை செய்கிறேன் நான். இந்தக் காசை எப்படிச் செலவழிப்பது என்று எத்தனையோ குடும்பங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். "ஏறின உடனே ஊர் சுத்திப் பாக்குற சீட்டை எடுத்துடுங்க. மசாஜ், கடை, போட்டோ எல்லாம் அப்புறம் வச்சுக்குங்க" என்பேன். அவர்கள் தலையாட்டுவார்கள். ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன வாய் இது!

அலுவலகத்தில் எனக்குப் பரிசாக ஒரு பயணம் கிடைத்தது. இருவர் தங்கும் அறை, இருவர் பெயரிலும் கப்பல் காசு. சென்னையில் ஏறி, திருகோணமலை போய், திரும்பி வரும் கப்பல். என் கணவருக்குத் தண்ணீரைக் கண்டாலே பயம். அக்காவை அழைத்தேன்.

அக்கா குப்பம்மா ஜவ்வாது மலையில் இருக்கிறாள். சாமை விதைக்கிறாள், நான்கு புளியமரங்கள் வைத்திருக்கிறாள். அம்மா இறந்த பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். நான் கண்ணமங்கலத்தில் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில், புளிப் பருவம் வந்தால் மலையிலிருந்து இறங்கி வந்து, அங்கே ஒரு மண்டியில் புளி தட்டிக் கொட்டை எடுக்கும் வேலை செய்வாள். என் படிப்புக்கான பணம் அதிலிருந்து வந்தது.

அந்த மண்டியில்தான் அவளுக்கு யோகம் கிடைத்தாள். யோகம் இலங்கையிலிருந்து வந்து, பக்கத்து அகதி முகாமில் இருந்தவள். அவளும் கூலிக்குப் புளி தட்டினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அக்காவைப் பார்க்க ஓடுவேன். அவர்கள் இருவரும் முட்டி இடிக்க உட்கார்ந்து, எதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். என்னைக் கண்டதும் அக்காவின் சிரிப்பு கொஞ்சம் குறையும்... என்னைப் பற்றிய கவலை வந்து உட்கார்ந்துகொள்ளும் முகத்தில். யோகத்தோடு இருக்கும்போது மட்டும் அக்கா ஒரு பெண்ணைப் போல இருந்தாள். என்னோடு இருக்கும்போது தாயைப் போல ஆகிவிடுவாள்.

நான் யோகத்தை வெறுத்தேனா? அப்போது அந்தச் சொல் எனக்குத் தெரியாது.

போர் முடிந்து சில வருடங்களில் யோகம் தன் ஊருக்குத் திரும்பினாள். திருகோணமலைக்குப் பக்கத்துக் கிராமம். அதன் பிறகு இருவருக்கும் தொலைபேசிதான். கப்பல் எங்கே போகிறது என்று நான் சொன்னதும் அக்கா முறத்தைக் கீழே வைத்தாள்.

"யோகம் ஊருக்கா?"

"ஆமாக்கா."

பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கப் புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். யோகம் துறைமுக வாசலில் வந்து நிற்பதாக ஏற்பாடாயிற்று.

கப்பல் கரையை விட்ட மாலையில் அக்கா மேல்தளக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதுவரை கடலையே பார்த்திராதவள்.

"இன்னாடி பாப்பா இது... மார்கழியில நம்ம வூட்டாண்ட நின்னு பாத்தா, பள்ளம் பூரா பனி ரொம்பிக் கெடக்குமே. அந்த மாரியே கீது. இதுக்கு அடியில ஒரு ஊரு இருக்கும் போல."

பிறகு கழுத்தில் மாட்டியிருந்த தன் கப்பல் அட்டையைக் கழற்றி என் கையில் வைத்தாள். "இதுல என் பேர்ல இன்னா கீதோ நீயே பாத்துக்க. எனக்கு எறங்கி யோகத்தப் பாக்கணும். அவ்ளோதான்."

துறைமுகத்தில் இறங்க வேண்டுமானால் ஊர் சுற்றும் பேருந்துக்குச் சீட்டு எடுத்தாக வேண்டும். எடுக்காதவர்களைக் கப்பலை விட்டு விடமாட்டார்கள். பதிவு முந்தின நாள் மாலையோடு முடியும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

அந்த முந்தின நாள் முழுக்க நடுக்கடல். எங்கும் நீலம். என் பங்குக் காசில் காலையிலேயே ஒரு கடையில் நீலக்கல் தோடு வாங்கினேன். அக்கா என் காதைத் தொட்டுப் பார்த்து, "நல்லா கீது" என்றாள். மதியம் சீட்டு எடுக்கப் போனேன். வரிசை நீண்டிருந்தது. பக்கத்தில் கண்ணாடிக் கதவு, உள்ளே மங்கிய விளக்கு, ஏதோ பூ எண்ணெயின் வாசனை. மசாஜ் செய்யும் இடம்.

வரிசை குறையட்டும், வரலாம் என்று நினைத்தேன். ஒன்றைக் கேளுங்கள்... எத்தனையோ பேரைக் கப்பலேற்றி அனுப்பியவள் நான், அன்றுதான் முதன்முறையாக நானே ஏறியிருந்தேன். எனக்கும் ஒரு நாள் வேண்டும் என்று தோன்றியது. என் காசு போதவில்லை. அக்காவின் அட்டையை நீட்டினேன். ஒரே அறை என்பதால் யாரும் எதுவும் கேட்கவில்லை. சீட்டுக்கு என் வங்கி அட்டையில் கட்டிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சுவர் முழுக்கக் கண்ணாடி. அதற்கு வெளியே கடல் மெல்ல ஏறி இறங்கியது. வெதுவெதுப்பான எண்ணெய். தோளில் யாரோ ஒரு பெண்ணின் கைகள். என் உடம்பில் இத்தனை வருடங்கள் முடிச்சுப் போட்டுக் கிடந்தவை ஒவ்வொன்றாக அவிழ்ந்தன... நான் தூங்கிப்போனேன்.

அப்படி ஒரு தூக்கத்தை அதற்கு முன்பும் தூங்கியதில்லை, பின்பும் இல்லை. கனவில் கப்பல் எங்கள் மலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. கீழே பனிக்குள் புளியமரங்களின் தலைகள் மட்டும் தெரிந்தன. அக்கா என் பக்கத்தில் இருந்தாள். வேறு யாரும் இல்லை. மலையில் கூட யாரும் இல்லை. அத்தனை நிம்மதியாக இருந்தது எனக்கு.

விழித்தபோது கண்ணாடியில் சாயங்கால வெளிச்சம். ஓய்வறை நாற்காலியில் என்னை அப்படியே தூங்க விட்டிருந்தார்கள். வெளியே வந்தேன். சீட்டு தரும் இடத்தில் ஆள் இல்லை, பதிவு முடிந்தது என்ற பலகை மட்டும் இருந்தது.

தூங்கியது குற்றமில்லை என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் சொல்லிப் பார்த்தேன்.

அக்காவிடம் போய், "சீட்டு தீந்துபோச்சுக்கா. நாம ஏறுறதுக்கு முன்னாடியே தீந்துட்டுதாம்" என்றேன். எண்ணெய் வாசனை என் மேல் வீசிக்கொண்டிருந்தது. தூங்கிட்டேன்க்கா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சொல்லவில்லை.

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். "அப்டியா... யோகத்துக்கு எப்டிச் சொல்றது? காலையிலே கெளம்பிடுவாளே."

"இங்க டவர் இல்லக்கா."

டவர் இல்லைதான். ஆனால் காசு கட்டினால் கப்பலில் இணையம் உண்டு. வாட்ஸ்அப்பில் யோகத்தோடு பேசியிருக்கலாம். ஏன் கட்டவில்லை? பேசினால் யோகம் ஏதாவது கேட்பாள், விசாரிக்கச் சொல்வாள், பொய் உடைந்துவிடும் என்று பயந்தேன்.

இப்போது அந்தக் காலையைச் சொல்கிறேன்.

கப்பல் துறைமுகத்தில் நின்றிருந்தது. சுற்றிலும் பச்சை மலைகள், நடுவில் கண்ணாடி போலத் தண்ணீர். நாங்கள் மேல்தளத்தில் இருந்தோம். ஒலிபெருக்கியில் ஒரு பெண் ஆங்கிலத்தில் அறிவித்தாள். பேருந்துகளில் இன்னும் இடம் இருக்கிறது, விரும்புகிறவர்கள் இப்போதே வந்து பணம் கட்டிச் சேர்ந்துகொள்ளலாம் என்றாள். இரண்டு முறை சொன்னாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். "இன்னா சொல்றாங்க?"

என் கைப்பையில் வங்கி அட்டை இருந்தது. அதில் பணமும் இருந்தது.

"டிபன் டைம் சொல்றாங்கக்கா" என்றேன்.

இதுதான் நான் செய்தது. ஏன் செய்தேன்? உண்மையைச் சொன்னால் நேற்றுச் சொன்ன பொய் வெளியே வரும் என்ற வெட்கமா? அது பாதிதான். மீதிப் பாதியை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை... இந்தப் பயணத்தில் அக்கா என்னுடையவளாக இருக்க வேண்டும் என்று விரும்பினேன். யோகத்தைக் கண்டால் அந்தச் சிரிப்பு அவளுக்குத் திரும்பி வந்துவிடும், நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நரை விழுந்த பிறகும் ஒருத்திக்கு இப்படித் தோன்றுமா? தோன்றியது.

பேருந்துகள் போயின. துறைமுக வாசல் தூரத்தில் தெரிந்தது. அங்கே நிற்பவர்கள் புள்ளிகளாக இருந்தார்கள். அக்கா சிவப்பு முந்தானையை அவிழ்த்துக் கம்பிக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். காற்றில் அது படபடத்தது. கை வலித்தால் கை மாற்றினாள். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு மறுபடி தூக்கிப் பிடித்தாள்.

கப்பல் நகரத் தொடங்கியபோதுதான் கையைத் தாழ்த்தினாள்.

"அவ போய்ட்டிருப்பா. வெயிலு" என்றாள்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக யோகத்துக்குப் போன் செய்தாள். "சீட்டு கெடைக்கலடி யோகம், தப்பா நெனைக்காத" என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு யோகத்தின் அழைப்புகள் குறைந்தன. அக்கா கூப்பிட்டால் எடுப்பாள், சுருக்கமாகப் பேசி வைத்துவிடுவாள். சில மாதங்களில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போய்விட்டது.

அக்கா இப்போதும் கூப்பிடுகிறாள். அங்கே யாராவது போனை யோகத்தின் காதில் வைப்பார்கள். அக்கா மட்டும் பேசுவாள். சாமை விளைச்சல், புளி விலை, மழை... பதிலுக்கு மூச்சுச் சத்தம் வரும்.

போன மாதம் யோகத்தின் மகள் தர்சினி மலைக்கு வந்தாள். முகாமில் பிறந்தவள். சென்னைக்கு ஏதோ பயிற்சிக்கு வந்தவள், பெரியம்மாவைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று எங்கள் அலுவலகத்தைத் தேடி வந்தாள். நான்தான் அழைத்துப் போனேன். அமிர்திக் காட்டு வழியாக மலை ஏறும்போது, எத்தனை பச்சை என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

அக்கா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். சாமைச் சோறும் குழம்பும் போட்டாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு தர்சினி மெதுவாகக் கேட்டாள். கோபமாக அல்ல... கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவு தூரம் வந்தவள் போல.

"பெரியம்மா, அண்டைக்கு நீங்க ஏன் இறங்கேல்ல? அம்மா கப்பல் போகுமட்டும் வாசல்லயே நிண்டவா. சீட் இல்லையெண்டு சொன்னனீங்கள். வெளிய வந்த பஸ்ஸில பாதி வெறுமையாத்தான் கிடந்ததெண்டு அம்மா சொன்னவா. பேச்சு போகுமட்டும் அவவுக்கு அது மனசுக்க கிடந்தது."

அக்கா அவளைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள்.

வீட்டுக்குள் பனி நுழைந்தது போல இருந்தது எனக்கு. சொல்லிவிட வேண்டிய இடம் அதுதான். வாயைத் திறந்தேன். திறந்ததும் வந்தது வேறு.

"உண்மையில அக்காவுக்கு அன்னைக்கி ஒடம்பு சரியில்லம்மா. சொன்னா உங்க அம்மா பயப்படுவாங்கன்னுதான் சீட்டு இல்லன்னு சொல்லிட்டோம்."

அக்கா என் முகத்திலிருந்து கண்ணை எடுத்தாள். பிறகு தர்சினியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"ஆமாங் கண்ணு. ஒரே தல சுத்தல். எழுந்து நிக்கவே முடியல."

பகல் முழுக்க வெயிலில் நின்றவள் அவள்.

தர்சினியைப் பேருந்தில் ஏற்றிவிட்டு நான் திரும்பி வந்தேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். ஒரு அறை கொடுத்திருந்தால் கூடத் தேவலாம். அக்கா முறத்தை எடுத்துக்கொண்டாள். சாமையைப் புடைத்தாள், மாட்டுக்குத் தண்ணீர் வைத்தாள். என்னிடம் பேச வேண்டியதைப் பேசினாள். "கொழம்பு மீந்து கீது, எடுத்துனு போ" என்றாள். குரலில் எந்த மாற்றமும் இல்லை. என்னைப் பாப்பா என்று மட்டும் கூப்பிடவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை கூப்பிடவில்லை.

நான் கிளம்ப வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே அக்கா போன் செய்யும் சத்தம் கேட்டது. அங்கே யாரோ எடுத்து யோகத்தின் காதில் வைத்திருக்க வேண்டும்.

"யோகம்... நான்தான். உன் பொண்ணு வந்துட்டுப் போனா. உன் மாரியே கீறா." "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி. அன்னைக்கி எனக்கு ஒடம்பு முடியல. அதான் எறங்கல. பொய் சொல்லிட்டேன். மன்னிச்சுக்க..."

என் பொய்யை என் அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். பதில் பேச முடியாத ஒருத்தியிடம், செய்யாத ஒன்றுக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்துதான் இருந்தது. இரண்டு எட்டு வைத்தால் போதும், போனை வாங்கி நான் சொல்லியிருக்கலாம். கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, சத்தம் வராமல் படியிறங்கிப் போனேன்.