நாற்பத்தேழாம் டோக்கன்

பம்மல் தோல் தொழிற்சாலையில் தனக்கோடியை அவள் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. சம்பளப் பதிவில் அவள் கிளியம்மாள், டோக்கன் நாற்பத்தேழு. உண்மையான கிளியம்மாள் அவளுடைய நாத்தனார். 1984இல் கல்யாணமாகி அவள் வேலையை விட்டுக் கேளம்பாக்கம் போனபோது, மேஸ்திரி ஜெயவேலு தனக்கோடிக்கு ஒரு வழி சொன்னான்.

"புதுப் பேர்ல சேந்தா தினக்கூலி. கிளி பேர்லயே வா, பர்மனன்ட்டு. பேர்ல இன்னாமா கீது?"

ஒருத்தர் விட்ட பேரில் இன்னொருத்தர் வேலை பார்ப்பது அங்கே வழக்கம்தான். பதினோரு வருஷம், தோலின் மயிரை நீக்கும் சுண்ணாம்புத் தொட்டியில் அவள் கை வெந்தது. மாதந்தோறும் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டுக்குப் பிடித்தார்கள். காய்ச்சல் தலைவலிக்குக்கூட அவள் அந்த மருந்தகத்துப் பக்கம் போகவில்லை. காப்பீட்டுக் கார்டில் ஒட்டியிருந்த படம் கிளியம்மாளுடையது.

1995இல் கர்ப்பப்பையில் கட்டி. உதிரப்போக்கு நிற்கவில்லை. ஆறு வாரத்துக்குள் எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். தனியார் ஆஸ்பத்திரியில் கேட்டதைக் கொடுக்க வீட்டைத்தான் விற்க வேண்டும். அதுவோ வாடகை வீடு.

வேறு வழியில்லாமல் கார்டோடு மருந்தகம் போனாள். குமாஸ்தா படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இது நீ இல்லையேம்மா."

திரும்பி வந்து ஜெயவேலுவிடம் சொன்னாள். அவன் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, "நோவுல மூஞ்சி மாறிப்போச்சுன்னு சொல்றது. இல்லாங்காட்டி கிளிய இட்டாந்து படுக்க வை" என்றான். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"கட்டி எனக்குக் கீது மேஸ்திரி. கிளிக்கா கீது?"

அவன் அடுத்த தொட்டிப் பக்கம் நடந்தான்.

மறுவாரம், காப்பீட்டில் விடுபட்ட தினக்கூலிகளைச் சேர்க்க அதிகாரி ஒருவர் தொழிற்சாலைக்கு வந்தார். வரிசையில் நின்ற தனக்கோடியின் காதோரம் ஜெயவேலு குனிந்தான். "உன் பேரக் குடுத்தா பதினோரு வருச சர்வீசு போச்சு. கிராஜுவிட்டி போச்சு. நாளைலேர்ந்து தினக்கூலி. யோசிச்சுக்கோ கிளி."

அவள் மேசை முன் போய் நின்றாள். "என் பேரு தனக்கோடி சார்."

"எப்போ வேலைக்குச் சேர்ந்தீங்க?"

அவள் வாய் திறக்குமுன் ஜெயவேலு சொன்னான்: "இன்னிக்குத்தான் சார்."

அதிகாரி பேனாவை நிறுத்தி அவளைப் பார்த்தார். மறுத்தால் விசாரணை, பொய்ப் பேரில் இருந்த குற்றம் அவள் தலையில் விழும், காப்பீட்டுச் சீட்டு தள்ளிப்போகும். கட்டி காத்திருக்காது. தனக்கோடி தலையாட்டினாள்.

அவள் சொந்தப் பேரில் தற்காலிகச் சீட்டு கிடைத்தது. ஆபரேஷன் நடந்தது. ஒரு காசு செலவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் தினக்கூலியாகத் திரும்பி வந்தாள். அவளுடைய பழைய தொட்டியில் ஒரு சின்னப் பெண் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தாள். இடுப்பில் நாற்பத்தேழாம் டோக்கன்.

"உன் பேரு இன்னாமா?"

"ஜெயக்கொடி, அக்கா." அவள் குரலைத் தாழ்த்தினாள். "இங்க கிளியம்மா."

"அத்தத் தூக்கிப் போட்டுட்டு உன் சொந்தப் பேர எழுதிக் குடு. ஒடம்புக்கு வந்தா அந்தக் கார்டு ஒதவாது."

"பேர்ல இன்னா கீது, பர்மனன்ட்டு வேணாமான்னு மேஸ்திரி கேட்டாருக்கா."

தொட்டியோரம் ஜெயவேலு கழற்றி வைத்த செருப்பு கிடந்தது. தனக்கோடி தொண்டையைக் காறி அதன் மேல் துப்பினாள்.