தேவையில்லாத இரண்டாவது தாவல்

இல்டா பென்தான்கூர் மொந்தெவிதேயோவில் ஒரு சின்ன கணினி விளையாட்டு நிறுவனத்தில் ஆறு வருடமாகச் சோதனையாளர். விளையாட்டில் ஓட்டை தேடுவதுதான் வேலை. ஓட்டை அகப்பட்டுவிடும். அடைக்கத்தான் ஆள் அகப்படாது.

புதிய குதிரைப் பந்தய விளையாட்டில், குதிரையை மதிலோரம் நிறுத்தி, சேணப்பையைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு முறை தாவினால் மதிலுக்கு அந்தப் பக்கம், நேரே வெற்றிக்கோட்டுக்கே போய்விடலாம் என்று எழுதினாள். ஆடுபவனின் கணினி "தாண்டிவிட்டேன்" என்கிறது. நிறுவனத்தின் கணினி சரிபார்க்காமல் தலையாட்டுகிறது. பதினான்கு முறை எழுதினாள். பதினான்கையும் மேலாளர் வால்தெமார், "யாரும் இப்படி ஆட மாட்டார்கள்" என்று மூடினார். அந்தப் புகார்ப் பட்டியலே இணையத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்து கிடக்கிறது என்றும் சொல்லிப் பார்த்தாள்.

"பஸ்ல ஏறுறவன் டிக்கெட் எடுத்துட்டேன்னு வாயால சொன்னா விட்ருவீங்களா?"

"ஆரம்பிச்சிட்டியா. மாத்தே டீ ஆறிடும், மொதல்ல உறிஞ்சு."

ஒரு தாவலே போதும் என்று அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. அதையும் எழுதி அவரிடம் வாங்கிக்கட்டிக்கொள்ளத் தெம்பில்லை. இந்த விளையாட்டுக்காக நிறுவனம் நடத்தும் போட்டி முடிந்ததும் பாதுகாப்புத் தலைமைப் பதவி உனக்குத்தான் என்று அவர் சொல்லியிருந்தார். அந்த ஒன்றுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

இறுதிப் போட்டி அன்று அரங்கம் நிறைந்திருந்தது. சால்த்தோ ஊரிலிருந்து வந்த நேரியோ என்பவன் மதிலோரம் குதிரையை நிறுத்தினான். பையைத் திறந்தான். ஒருமுறை தாவினான். இன்னொருமுறையும் தாவினான். அடுத்த நொடி வெற்றிக்கோட்டில் நின்றான்.

திங்கட்கிழமை காலையில் வால்தெமார் அவனை அலுவலகத்துக்கே கூட்டி வந்துவிட்டார்.

"இவருதான் நம்ம புதுப் பாதுகாப்புத் தலைவர். எவ்வளவு பெரிய ஓட்டையைக் கண்டுபிடிச்சிருக்காரு பாரு."

"அது என்னோட பதவி, வால்தெமார். ஓட்டையும் என்னோடதுதான். அந்த ரெண்டாவது தாவல் இருக்கே, அது வெட்டி. நான் தப்பா எழுதி வச்சது. சொந்தமா கண்டுபிடிச்சவன் எதுக்கு ரெண்டு தரம் தாவணும்? என் புகாரைப் படிச்சிட்டு வந்திருக்கான். எடுத்துப் பாருங்க, தேதியோட இருக்கு."

வால்தெமார் பட்டியலை எடுக்கவில்லை. நேரியோ பக்கம் திரும்பினார்.

"நீங்களாத்தானே கண்டுபிடிச்சீங்க?"

"ஆமாங்க."

"அதான் அவரே சொல்றாரே, இல்டா. அப்புறம் என்ன?"