மூன்றாம் கியரில் ஒரு கை

கருமத்தம்பட்டித் திடலில் நடந்த ஆட்டோகிராஸ் பந்தயத்தில் சைலன்சர் பாதி வழியில் கழன்று விழுந்தும் ஆஃப்ரின் முதலாவதாக வந்தாள். தாராபுரத்துக் கிளப் ராலியில், மழை ஊறிய சேற்றில், தன் காரைவிட இரண்டு மடங்கு பலமான கார்களை முந்தினாள். பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளுக்குள் நடந்த பந்தயத்தில் பெண்கள் பிரிவுக் கோப்பைக்கு மட்டும் அவள் பெயரை வாசித்தார்கள். மொத்தப் பட்டியலிலும் நான்தானே முதல் என்று கேட்டு, இரண்டு கோப்பையையும் வாங்கிக்கொண்டுதான் மேடையை விட்டு இறங்கினாள். அத்தனையும் ஒரே சின்னக் காரில். அதன் கியர்பாக்ஸ் உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் தேடி எடுத்தது.

அந்தக் காரில் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, வரப்போகும் வளைவுகளையும் அவற்றின் கடுமையை எண்ணாகவும் முன்கூட்டியே சொல்பவள் அக்கா மிஸ்பா. பத்தாம் வகுப்போடு நின்றவள். கரும்புக்கடைப் பகுதியில் கார் சீட் கவர் தைக்கிறாள். தையல் ஒரு நூல் விலகினாலும் பிரித்துத் தைக்காமல் எழுந்திருக்க மாட்டாள். தங்கை நேர்மாறு, கால் ஓரிடத்தில் நிற்காது. பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கும்போது கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் 'ஆஃப்ரினுக்காக' என்று மிஸ்பாவே போட்டுவிடுவாள். ஆஃப்ரின் வெளியே டயர்களை உதைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். கிளப்காரர்கள் அதைக் கண்டுகொண்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கேத்தனூர்க் காற்றாலைகளுக்கு நடுவே ஆடிக்காற்று செம்மண்ணை வாரி முகத்தில் அடித்தது. தேசியப் போட்டியில் ஓடும் ஓர் அணியின் மேலாளர் கிருபாசங்கர் ஆஃப்ரினை அங்கே வந்து ஓட்டிக் காட்டச் சொல்லியிருந்தார். அணியின் முதல் காரை ஓட்டுபவன் எழில், அவனும் வந்திருந்தான். இரண்டாவது காருக்கு ஆள் வேண்டும். இன்று தேறினால் அது ஆஃப்ரினுக்கு. இல்லாவிட்டால் சென்னையிலிருந்து ஒருவன் வந்துவிடுவான்.

முதலில் தன் சின்னக் காரில் ஓட்டினாள். கிருபாசங்கர் புருவத்தை உயர்த்தினார். பிறகு அணியின் காரைக் கொடுத்தார். மிஸ்பா வழக்கம்போலப் பக்கத்தில் அமர்ந்து வளைவு சொன்னாள். இறங்கிப் பார்த்தால், அதே பாதையில் அதே காரில் எழில் முன்பே எடுத்திருந்த நேரத்தைவிடப் பதினொரு வினாடி அதிகம்.

"ஆட்டோகிராஸ் வேறங்க, நேஷனல் வேறங்க" என்றார் கிருபாசங்கர். "திடல்ல ஜெயிச்சு வந்தவங்க நெறையப் பேர நான் பாத்துட்டனுங்க."

ஆஃப்ரின் ஹெல்மெட் வாரை அவிழ்ப்பதும் மாட்டுவதுமாக இருந்தாள். எழிலைக் காட்டினாள். "அப்போ அவரு எங்க வண்டிய ஓட்டிக் காட்டட்டுமுங்க. அதுலயும் எவ்வளவு வித்தியாசம்னு பாத்துப்போடலாம்."

எழில் சிரித்தான். "ஏனுங்க, அதுல என் காலு மடங்குமுங்களா?"

"மடக்குனாத்தானுங்க ஓட்ட முடியும்."

மிஸ்பாவே அவன் பக்கத்திலும் ஏறிக்கொண்டாள். வளைவு சொல்லும்போதும் அவள் கண் சும்மா இருக்கவில்லை. திடலில் ஓட்டுகிறவர்கள் எதிரே தெரியும் கொடியைப் பார்த்து ஓட்டுவார்கள். கிளப் ராலிக்காரர்கள் வண்டி உடையாமல் வீடு சேரும்படி ஓட்டுவார்கள். எழிலோ அவள் வாயிலிருந்து வந்த சொல்லை மட்டும் நம்பி, இன்னும் கண்ணில் படாத வளைவுக்கு இப்போதே வண்டியைத் திருப்பி வைத்தான். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. இப்படியும் ஓட்டுவார்களா என்று அவள் வியப்பதற்குள், இறக்கத்தில் மூன்றாம் கியர் தானாகக் கழன்றது. எஞ்சின் வீறிட்டது. வண்டி சக்தியில்லாமல் உருண்டது.

"அய்யோ, என்னங்க இது, கியரு ஓடிப்போகுது!"

"மூணுல போட்டா கைய எடுக்கக்கூடாதுங்க. புடிச்சுட்டே இருக்கோணும்" என்றாள் மிஸ்பா, சாதாரணமாக.

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஆஃப்ரின் மூன்றாம் கியரில் எப்போதும் கியர் ராடை இடது கையால் அழுத்திப் பிடித்து, ஒரு கையால்தான் திருப்புவாள். தினமும் பக்கத்தில் இருந்து பார்த்ததால் மிஸ்பாவுக்கு அது விசித்திரமாகவே தெரிந்ததில்லை. சற்று முன் அணியின் புதுக் காரிலும் தங்கை அதையேதான் செய்தாள்.

சின்னக் காரில் எழில் ஆஃப்ரினைவிட நான்கு வினாடி அதிகம் எடுத்திருந்தான். கிருபாசங்கர் அதைப் பொருட்படுத்தவில்லை. "பழக்கமில்லாத வண்டிங்க. நாம தேடறது நம்ம காரை ஓட்டற ஆளு." அவர் சொன்னதில் தப்பில்லை. ஆட்கள் பாதையைக் குறிக்க வைத்திருந்த கூம்புகளைப் பொறுக்கி வண்டியில் ஏற்ற ஆரம்பித்தார்கள்.

மிஸ்பா தங்கையின் தோளைப் பிடித்து நிறுத்தினாள். "அம்மணி, புதுக் காருலயும் நீ ராடப் புடிச்சுட்டேதான் ஓட்டுன."

"புடிச்சனா? நானா?" ஆஃப்ரின் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சார், இன்னொரு தடவைங்க. ஒரே தடவை."

"டயரு தேஞ்சு போயிருமுங்க" என்றார் அவர்.

எழில் குறுக்கே வந்தான். "ஓட்டட்டும் விடுங்க சார். அந்த வண்டியில போயிட்டு வந்து எனக்கு இடுப்பே கழண்டுபோச்சு. இவங்க அதுல ஜெயிச்சுட்டு வந்திருக்காங்க."

இந்த முறை மிஸ்பா வளைவுகளோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னாள். "இடது நாலு, ரெண்டு கை. அம்பது மீட்டர். வலது மூணு இறக்கம், ரெண்டு கை!" இரண்டு இடங்களில் ஆஃப்ரினின் இடது கை தானாக ராடை நோக்கி நகர்ந்தது. "கை!" என்று மிஸ்பா கத்தியதும் திரும்பிப் போனது. அதன் பிறகு நகரவில்லை. கடைசி இறக்கத்தில், மிஸ்பா சொல்லி முடிக்கும் முன்பே, வண்டி அடுத்த வளைவுக்குத் திரும்பியிருந்தது.

கிருபாசங்கர் கடிகாரத்தைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். எழிலைவிட மூன்று வினாடிதான் அதிகம்.

"இத்தன நாளா ஒத்தக் கையிலயா ஓட்டிட்டு இருந்தீங்க?"

"அந்த வண்டிக்கு அதானுங்க முறை."

"எங்க வண்டிக்கு ரெண்டு கையுங்க. இந்த சீசன் முழுக்க." அவர் ஒப்பந்தத் தாளை பானெட்டின் மேல் விரித்து, காற்றில் பறக்காமல் ஹெல்மெட்டை வைத்தார். மிஸ்பா பழக்கத்தில் பேனாவுக்குக் கை நீட்டினாள்.

"நீங்க இல்லைங்க. ஓட்டறவங்க போடோணும்."

ஆஃப்ரின் பேனாவை வாங்கினாள். தாள் ஓரத்தை இடது கையால் அழுத்திப் பிடித்தாள். அன்று முழுக்க ஓயாத கால் நின்றிருந்தது. "இனிஷியல் முன்னாடிங்களா, பின்னாடிங்களா?" என்று அக்காவைக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பெயரை எழுதினாள்.

பந்தயத் தாளில் ஆஃப்ரின் தன் பெயரைத் தானே முதல்முறை கையெழுத்திட்ட நாள்: 2024 ஜூலை 21.