பரணுக்கு ஏறாத புகை

கண்ணுகளா, நேற்றுச் சாயங்காலம் சுவெட்டர் எடுக்கத் தகரப் பெட்டியைத் திறந்தபோது பூசண வாடை குப்பென்று அடித்தது. நீங்கள் இரண்டு பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினீர்கள். நான் மட்டும் பெட்டி மூடியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். பாம்பு கீம்பு கிடக்கிறதா என்று உங்கள் அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள். பாம்பு இல்லை. அதே வாடையை ஒருமுறை இன்னொருவர் வீட்டில் முகர்ந்திருக்கிறேன். அதை உங்களிடம் வாயால் சொல்ல வரவில்லை, எழுதிவிடுகிறேன். பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும், நான் எட்டாவதோடு நின்றவன்.

பெரியவள் ஒன்றாம் வகுப்புப் போன வருஷம்தான் கோயம்புத்தூர் வேலையை விட்டுவிட்டு மலைக்குத் திரும்பி வந்து சொந்தத் தொழில் ஆரம்பித்தேன். தொழில் என்றால் ஒரு பழைய மொபெட், ஒரு ட்ரில் மிஷின், ஓர் ஏணி, சாக்குப்பை நிறையச் சாமான்கள். குழாய் ஒழுகினால், கதவு இறங்கினால், ஓடு நகர்ந்தால் கூப்பிடுவார்கள். அதற்கு முன்பெல்லாம் ஒரு தாழ்ப்பாள் கழன்றால்கூடக் கீழே முள்ளுக்குறிச்சியிலிருந்து ஆள் வரவேண்டும். ஒரு தாழ்ப்பாளுக்காக மலை ஏறி யார் வருவார்கள்? அதனால் எங்கள் மலை ஊர்கள் சேர்ந்த வாழவந்தி நாட்டில் என் பேர் சீக்கிரம் பரவியது. முதல் வாரமே ஒரு வீட்டில் சுவிட்சைத் தலைகீழாக மாட்டிவிட்டேன். இன்றைக்கும் அந்த வீட்டில் மேல் பக்கம் அழுத்தினால்தான் விளக்கு எரியும். அவர்களுக்குப் பழகிவிட்டது, எனக்குத்தான் அந்தப் பக்கம் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றும்.

ட்ரில் மிஷின் சூடேறும்போது ஒரு வாடை வரும். அந்த வாடைக்கு எனக்குள் ஒரு திமிர் ஏறும். கோயம்புத்தூரில் எட்டு வருஷம் நான் அதிகம் செய்தது பால்ஸ் சீலிங், அதாவது கூரைக்குக் கீழே பலகை அடித்து மூடுகிற வேலை. மலையில் அதைக் கேட்பார் இல்லை. கேட்டது செல்லம்மா அக்கா வீடுதான். அக்காவின் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். அடுப்பு இருக்கிற அறையில்தான் கதகதப்பு என்று அங்கேயே தூளி கட்டியிருந்தார்கள். மேலே மூங்கில் தப்பைகள் பரப்பிய பரண். அதிலிருந்து கரி உதிர்ந்து குழந்தையின் முகத்தில் விழுந்தது. காளியண்ணன், அக்காவின் வீட்டுக்காரர், என்னைப் பார்த்ததும் சொன்னார்:

"பேரன் பொறந்தப்ப செவப்பா இருந்தான் தம்பி. பத்தே நாள்ல என் நெறத்துக்கு வந்துட்டான். எதாச்சும் பண்ணுங்க."

எல்லாரும் சிரித்தோம். தை மாதம் அது. இரண்டு நாளில் பரணுக்கு அடியில் சிமெண்ட் பலகை அடித்து, இடுக்கெல்லாம் பசை பூசி, வெள்ளை அடித்துக் கொடுத்தேன். புகை வெளியே போகச் சுவரில் தகரக் குழாய் ஒன்றும் வைத்தேன். காளியண்ணன் அண்ணாந்து பார்த்து, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறதே என்றார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"மேல வெதச்சாமை இருக்குதுங்களே தம்பி," என்றார்.

"அது பத்திரமா இருக்குங்க்கா. இனி எலிகூட ஏறாது," என்றேன் நான்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். நான் வெளியூர்க்காரன் இல்லை. என் அம்மா வீட்டிலும் அடுப்புக்கு மேலே பரண் உண்டு. சாணி மெழுகிய கூடைகளில் விதை வைத்து, அடுத்த மழைவரை கீழிருந்து புகை காட்டிக்கொண்டே இருப்பார்கள். புகையும் சூடும் ஏறினால்தான் இந்த மலைப் பனியில் விதை காய்ந்து கிடக்கும். சின்ன வயதில் அந்தப் பரணில் ஏறி அடி வாங்கியவன் நான். எனக்குத் தெரியும். தெரிந்தே மறந்திருந்தேன். அக்கா அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. நம் ஊர்ப் பையன், தெரியாமலா செய்வான் என்று நினைத்திருப்பார்.

வைகாசியில் முதல் மழை பெய்தது. நான்கு நாள் கழித்து அக்கா, ஒரு எட்டு வந்துவிட்டுப் போகச் சொன்னதாகப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னார். போனேன். வாசலில் கூடைகள் வரிசையாக இருந்தன. சாமை கட்டி கட்டியாக, சாம்பல் பூத்து, பெட்டிக்குள் நேற்று அடித்ததே அந்த வாடையோடு. அக்கா ஓர் ஈரத் துணி முடிச்சை என் முன்னால் அவிழ்த்தார். விதைப்பதற்கு முன் முளைப்பு பார்க்க ஒரு பிடி கட்டி வைப்பார்கள், தெரியுமல்லவா? மூன்று நாள் ஆகியிருந்தது. ஒன்றுகூடக் கண் திறக்கவில்லை.

அது அவர் மாமியார் காலத்துக்கும் முன்னாலிருந்து அந்த வீட்டில் மட்டும் எடுத்து வைத்துவந்த சாமை. கதிர் குட்டை, மணி கொஞ்சம் சிவப்பு. பக்கத்து வீடுகளெல்லாம் எப்போதோ குச்சிக்கிழங்குக்கு, அதாவது மரவள்ளிக்கு, மாறிவிட்டன.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? உங்களிடம் மறைக்கக் கூடாது. தொழில் ஆரம்பித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இது வெளியே தெரிந்தால் எவன் கூப்பிடுவான் என்ற பயம் முந்திக்கொண்டது.

"இந்த வருசம் பனி ஜாஸ்திங்க்கா," என்றேன்.

காளியண்ணன் குரலை உயர்த்தவே இல்லை. "பனி எங்க ஊட்டுக்கு மட்டுந்தான் பேஞ்சுதுங்களா தம்பி?"

தூளிக்குள் குழந்தை தூக்கத்தில் உதட்டைச் சப்புகிற சத்தம் கேட்டது. தூளியை அடுத்த அறைக்கு மாற்றிக் கட்டியிருந்தால் போதும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நான்தாங்க கெடுத்துட்டேன். பொகைய அடைச்சது நான்தாங்க," என்றேன்.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எழுந்து வந்திருப்பேன்.

மறுநாளிலிருந்து ஒரு வாரம் வேலைக்குப் போகவில்லை. மொபெட்டில் ஆலத்தூர் நாடு வரைக்கும் ஊர் ஊராகப் போய்க் குட்டைக்கதிர்ச் சாமை விதை இருக்கிறதா என்று கேட்டேன். ஏன் என்று கேட்டவர்களிடமெல்லாம் நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல நாக்கு கொஞ்சம் லேசானது. ஆனால் விதை கிடைக்கவில்லை. ஒரு வீட்டில் வேறு சாமை இருந்தது. இரண்டு படி வாங்கி வந்து அக்காவிடம் கொடுத்தேன். அவர் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து, ஊதிப் பார்த்தார்.

"இதுவும் சாமைதானுங்க தம்பி," என்றார்.

அந்தச் சொல்லை இன்றுவரை என்னால் தாண்ட முடியவில்லை. அந்த வருஷம் பாதிக் காட்டில் அதை விதைத்தார்கள். மீதியில் குச்சிக்கிழங்கு நட்டார்கள். அடுத்த வருஷம் முழுக்கவும் கிழங்குதான். எனக்கு வேலை குறைந்துவிடவில்லை. அக்கா யாரிடமும் என்னைக் குறை சொல்லவில்லை என்று பிறகு தெரிந்தது. அந்தக் குட்டைக்கதிர்ச் சாமையை நீங்கள் தின்றதில்லை, இனித் தின்னப்போவதும் இல்லை. இன்றைக்கு எந்த வீட்டுக்குப் போனாலும், ட்ரில் மிஷினை எடுப்பதற்கு முன், மேலே என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறேன். பெரும்பாலும் பழைய பாய், உடைந்த நாற்காலி என்கிறார்கள்.

விதை கொடுத்த மறுநாள் பலகைகளைக் கழற்றப் போனேன். அக்காவும் அண்ணனும் காட்டுக்குப் போயிருந்தார்கள், மகள் குழந்தையோடு புருஷன் வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். மத்தியானத்துக்குள் பலகை எல்லாம் இறக்கி, தகரக் குழாயைப் பிடுங்கிச் சுவர் ஓட்டையைச் செங்கல் வைத்து அடைத்தேன். தப்பைகளுக்கு மேலே காலிக் கூடைகள் தெரிந்தன. சாமான்களைச் சாக்கில் போட்டாயிற்று, கிளம்ப வேண்டியதுதான்.

கிளம்பவில்லை. பானை எதுவும் ஏற்றாமல் அடுப்பில் இரண்டு விறகு வைத்துத் தீ மூட்டினேன். புகை மெல்ல எழுந்து, தப்பை இடுக்குகளில் புகுந்து, கூடைகளைச் சுற்றியது. விறகு எரிந்து முடிகிறவரை அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.