கொத்தக் கூடாத சுவர்

சூலியா தெருவின் பழைய வீடொன்றில், கைப்பேசியில் சொன்னால் எரியும் விளக்குகளைப் பொருத்திக்கொண்டிருந்தேன். சுவரைக் கொத்தி வயர் பதிக்க ஒரு வயர்மேன் வந்திருந்தார். சிரிக்காத முகம். எந்த வயரையும் முதலில் புறங்கையால்தான் தொடுவார்; ஷாக் அடித்தாலும் விரல்கள் வயரைப் பற்றிக்கொள்ளாதாம்.

“அண்ணே, இது வெறும் இருபத்துநாலு வோல்ட் டிசி. ஷாக் அடிக்காது லா. வீட்டு முதலாளியோட பூனை வயரைக் கடிக்குதாம், அதுக்குத்தான் இது.”

“இந்த வீட்டுல நாங்க வாடகைக்கு இருந்தோம் தம்பி. பாத்ரூம் சுடுதண்ணி ஹீட்டருக்கு எர்த் வயர் இல்ல. நானே போடுறேன்னேன். செவுத்தக் கொத்தாதன்னாரு, இதே மொதலாளி.”

“அப்புறம்?”

“பாத்ரூம்லயே என் சம்சாரம் போயிட்டா.”

குளியலறைச் சுவர் வந்ததும் உளியை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றார். இரண்டே தட்டில் காரை பெயர்ந்து விழுந்தது. இரண்டே தட்டு வேலைதான் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?