தங்கை கல்யாணத்துக்காக இளைத்தவள்

பசியே எடுப்பதில்லை என்று என் மனைவி சொன்ன அன்றுதான் எனக்கு முதலில் பயம் வந்தது. அவள் தங்கைக்குக் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் இளைத்துவிட வேண்டும் என்று, கூட வேலை செய்யும் டீச்சர் அனுப்பிய டயட்டை ஆரம்பித்திருந்தாள். காலையில் வெந்நீர், மத்தியானம் வெள்ளரிக்காய், ராத்திரி ஒன்றுமில்லை.

"ஒரு இட்லியாவது சாப்பிடேன்."

"சத்தியமா பசிக்கலைங்க. உடம்பு பழகிடுச்சு."

அதைப் பெருமையாகச் சொன்னாள். எடை மளமளவென்று இறங்கியது. மந்தைவெளியில் எங்கள் தெருவே பாராட்டியது. மாடிப்படியில் பாதியில் நின்று அவள் மூச்சு வாங்குவதை நான் மட்டும்தான் பார்த்தேன். கேட்டால், புடவை தடுக்குகிறது என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாண ஜவுளி எடுக்க தி.நகர் போனோம். ரங்கநாதன் தெருவில் நாம் நடக்க வேண்டியதில்லை, கூட்டமே தள்ளிக்கொண்டு போகும். என் கைக்குள் இருந்த அவள் விரல்கள் திடீரென்று ஜில்லிட்டன.

"என்னங்க, நெஞ்சு என்னமோ பண்ணுது."

திரும்புவதற்குள் சரிந்துவிட்டாள். பின்னால் வருகிறவர்களுக்கு அது தெரியவில்லை. வந்துகொண்டே இருந்தார்கள். கத்தினேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. கைகளை ஊன்றி அவள் மேல் கவிழ்ந்துகொண்டேன். முதுகில் பைகளும் முழங்கால்களும் இடித்தன. அவள் கண்கள் பாதி திறந்திருந்தன, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

நடைபாதையில் கர்சீஃப் விற்பவர் ஒருவர் எழுந்து வந்து வழியை மறித்தார். "யோவ், நில்லுங்கய்யா! அந்தம்மா வுயுந்து கெடக்குது, கண்ணு தெர்ல?" அவர்தான் என்னோடு சேர்ந்து அவளைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பொட்டாசியம் ரொம்பக் குறைஞ்சிருக்கு. அதனால இதயத் துடிப்பு தப்புது. எத்தனை நாளா சாப்பிடலை இவங்க?"

வெந்நீரையும் வெள்ளரிக்காயையும் பற்றிச் சொன்னேன்.

பிழைத்துக்கொண்டாள். கல்யாணம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தாள். அடுத்த சில மாதங்களில் குறைந்த எடை முழுவதும் திரும்பி வந்தது, கொஞ்சம் கூடவே. ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டு, "மறுபடி ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்," என்றாள். தட்டை மறுபடி அவள் பக்கமே நகர்த்தினேன்.

"உன் மேல இன்னொரு தடவை அப்படிக் கவிழ்ந்து கெடக்க என்னால முடியாதும்மா."

அவள் ரொம்ப நேரம் அழுதாள். மறுநாள் இரண்டு பேரும் அதே டாக்டரிடம் போனோம். பட்டினி வேண்டாம், விடாமல் செய்ய முடிந்ததை மட்டும் செய்யுங்கள் என்றார். இப்போது ராத்திரிச் சாப்பாட்டைச் சீக்கிரமே முடித்துவிடுகிறோம். சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டினோம். சாயங்காலம் சேர்ந்து நடக்கிறோம், மழையென்றால் மொட்டை மாடிப்படியில் ஏறி இறங்குகிறோம். எடை மெதுவாகத்தான் குறைகிறது. சில மாதம் அசையவே அசையாது. ஆனால் குறைந்தது திரும்பி வரவில்லை. படியேறும்போது அவளுக்கு மூச்சு வாங்குவதும் இல்லை.

என் பயம் மட்டும் இளைக்கவில்லை. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்று கொஞ்சம் நேரமானாலும் போய்க் கதவைத் தட்டிவிடுவேன்.

"உசுரோடதான் இருக்கேன், போங்க," என்பாள் உள்ளேயிருந்து.